பின் சீட்டில் பிரேக் இல்லை

இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கிற இரட்டைச் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து மலை சுற்றி வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், மலை எப்படி இருந்தது என்று. நீலச் சட்டை என்பார்கள், இல்லாவிட்டால் கட்டம்போட்ட சட்டை என்பார்கள். முன்னால் இருப்பவர் அன்றைக்கு எதை மாட்டிக்கொண்டு வந்தாரோ அதுதான் மலை, அதுதான் ஆறு, அதுதான் ஆகாயம். மாஸ்டரம்மாவுக்கு வருடக்கணக்காக இதே கதைதான். போன இடமெல்லாம் புருஷன் முதுகைப் பார்த்துவிட்டு வீடு திரும்புவாள். கழுத்தை ஒடித்துப் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தால் கொஞ்சம் தெரியும். உடனே முன்னாலிருந்து, "ஆடாத, பேலன்ஸ் போகுது" என்று குரல் வரும்.

மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். அவர்கள் ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு அவர்தான் கியர் போடச் சொல்லிக்கொடுத்தவர். அவர் பெண்டாட்டி என்பதால் சைக்கிள் குழுவில் அவளுக்கு மாஸ்டரம்மா என்று பெயர் விழுந்துவிட்டது. இது அநியாயம். ஏனென்றால் அவளும் வண்டி ஓட்டுகிறவள்தான். தரைக்கு ஒட்டும் டைல்ஸ் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள். கூரை உயரத்துக்கு அடுக்கிய பெட்டிகளுக்கு நடுவே, இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண் இருக்கிற சந்தில், ஒரு டன் சரக்கைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு கீறல் விழாமல் இறக்கி வைப்பாள். அங்கே அவள் வண்டி திரும்புகிறது என்றால் மற்ற வண்டிகள் ஒதுங்கி நிற்கும். அப்படிப்பட்டவளை வீட்டுக் காரின் ஸ்டியரிங்கைத் தொட விட்டதில்லை அந்த மனுஷன். கேட்டால், "அது கிடங்கு. இது ரோடு" என்பார். அதற்கு மேல் தலைகீழாக நின்றாலும் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

சும்மா சொல்லக் கூடாது, கல்யாணமான புதிதில் ஒரு தடவை கற்றுக்கொடுக்கத்தான் செய்தார். ஸ்கூல் காரில் மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும் இல்லையா. அவள் ஓட்டுவாள், முக்கு வரும், வண்டி நிற்கும். நிறுத்தியது தன் காலா அவர் காலா என்று அவளுக்குத் தெரியாது. தன் கால் பிரேக்கில் அழுந்தும்போதே வண்டி பாதி நின்றிருக்கும். சில நாள் பார்த்தாள். பிறகு ஒரு நாள் நடு ரோட்டில் இறங்கி, "எனக்கு இது வராதுங்க, விடுங்க" என்று சாவியை நீட்டிவிட்டாள். வராமல் என்ன? வர விட்டால்தானே.

சைக்கிள் கதையும் அதேதான். முதலில் ஆளுக்கொரு சைக்கிள் வைத்திருந்தார்கள். பின்னால் அவள் ஒழுங்காக வருகிறாளா என்று மூச்சுக்கு முந்நூறு தடவை திரும்பிப் பார்த்ததில் மாஸ்டரே ஒரு நாள் சாக்கடையில் விழுந்து எழுந்தார். அதற்குப் பிறகுதான் இந்த இரட்டைச் சைக்கிள் வந்தது. முன் ஆளுக்கு ஹேண்டில்பார், கியர், இரண்டு பிரேக். பின் ஆளுக்குப் பிடித்துக்கொள்ள ஆடாத ஒரு கம்பியும், மிதிக்க இரண்டு பெடலும். முன் பெடலையும் பின் பெடலையும் ஒரு சங்கிலி சேர்த்துக் கட்டியிருக்கும். ஒருவர் கால் சுற்றினால் மற்றவர் காலும் சுற்றியே ஆகவேண்டும். குடும்பம் நடத்துகிற மாதிரிதான்.

அந்த வருடம் குழு மலையிடுக்குப் பயணம் என்று அறிவித்தது. மலை ரோட்டில் நாள் கணக்கில் ஏறிப்போய், உச்சியில் தங்கி, மறுநாள் காலையில் இடுக்கு வழியாக அந்தப் பக்கம் இறங்குவது. இரண்டு பக்கமும் பாறை செங்குத்தாக நிற்கும். நடுவே ஆறு. பாறையைக் குடைந்து போட்ட ஒற்றை ரோடு ஆற்றைப் பார்த்துக்கொண்டே வளைந்து வளைந்து இறங்கி, கீழே ஒரு தொங்கு பாலத்தில் போய் முடியும். மாஸ்டரம்மா அதன் படத்தைக் கிடங்கு ஆபீசில் மாட்டி வைத்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "இதுல நான் சைக்கிள்ல இறங்கப் போறேன்" என்று சொல்லிவைத்திருந்தாள். லாரி டிரைவர்கள்வரை அத்தனை பேருக்கும் தெரியும்.

ஏற்றமெல்லாம் நல்லபடியாக முடிந்தது. உச்சியில் இருந்த விடுதியில், சாயங்காலம் குளிக்கப் போன மாஸ்டர் குளியலறையில் வழுக்கி வலது கையை ஊன்றிவிட்டார். மணிக்கட்டு பூரிக்கட்டை கணக்காக வீங்கிவிட்டது. குழுத் தலைவர் ஒரு பல் டாக்டர். அவர்தான் கட்டுப் போட்டார். கையில் பல் முளைத்த பிறகு பார்க்கலாமே என்று யாரோ கிண்டல் செய்தார்கள். மாஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. தம்ளரைப் பிடிக்கவே முடியாத கை, பிரேக்கைப் பிடிக்குமா?

காலையில் விடுதிச் சாப்பாட்டு அறையில் பல் டாக்டர் தீர்ப்புச் சொன்னார். "மாஸ்டர், நீங்க ரெண்டு பேரும் சாமான் வேன்ல வந்துடுங்க. சைக்கிளை மேல கட்டிக்கலாம். இடுக்கு எங்கயும் ஓடிப்போகாது, அடுத்த தடவை பாத்துக்கலாம்."

"நான் முன்னாடி உக்காந்து ஓட்டறேன்" என்றாள் மாஸ்டரம்மா.

மாஸ்டர் சிரித்தார். "எதை?"

"சைக்கிளைத்தான். வேனையா கேட்டேன்?"

"ஏம்மா, இறக்கம்னா என்னன்னு நினைச்சே? வளைவுக்கு வளைவு பிரேக் பிடிக்கணும். பின்னாடி என் வெயிட்டு வேற தள்ளும்."

"தினமும் ஒரு டன் டைல்ஸை சரிவுல இறக்கறவகிட்ட வெயிட்டைப் பத்திச் சொல்றீங்களே."

"அது கிடங்கு. இது..."

"ரோடு. தெரியும். சரி, உங்களுக்குப் பயமா இருந்தா நீங்க வேன்ல வாங்க. டாக்டர் என் பின்னாடி உக்காரட்டும்."

பல் டாக்டர் அவசரமாகக் காப்பித் தம்ளருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். மாஸ்டர் அவரை ஒரு பார்வை பார்த்தார், பெண்டாட்டியை ஒரு பார்வை பார்த்தார். "எதுக்கு? நானே உக்காரறேன்" என்று முணுமுணுத்தார். அவள் ஒற்றைக் காலில் நின்றால் நின்றதுதான் என்பது அவருக்கும் தெரியும், எப்போதாவதுதான் நிற்பாள் என்பதும் தெரியும்.

சீட்டுகளை ஏற்றி இறக்கிக்கொண்டு விடுதி முற்றத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். சைக்கிள் அவள் சொன்னபடி கேட்டது. பின்னால் இருந்தவர்தான் கேட்கவில்லை. "லெஃப்ட்ல தொட்டி இருக்கு. மெதுவா. பாத்து. பாத்துன்னு சொன்னேன்ல." முற்றத்தில் இருந்ததே அந்த ஒரு தொட்டிதான். பல் டாக்டர் கடைசியில் அரை மனசோடு தலையை ஆட்டினார். "வேன் உங்க பின்னாடியே வரும். ஒரு இடத்துல தடுமாறினாலும் ஏறிடணும். அதுல பேச்சு வேணாம், சரியா?" சரி என்றாள். மற்றவர்கள் முன்னால் இறங்கிப் போனார்கள். இவர்கள் கடைசியாகக் கிளம்பினார்கள். பின்னால் வேன். வேனை ஓட்டியவரும் மாஸ்டரிடம் படித்த பையன்தான், இப்போது தலை நரைத்த ஆள்.

இடுக்கின் வாயில் நுழைந்ததும் காற்று குளிர்ந்தது. வலது பக்கம் பாறைச் சுவர், இடது பக்கம் முழங்கால் உயரத் தடுப்புக் கல், அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. வெகு கீழே ஆறு இரைந்தது. முதல் வளைவு இடது பக்கம் திரும்பியது, அழகாகத் திரும்பினாள். அடுத்தது வலது பக்கம். வலது வளைவில் வலது பெடல் மேலே இருக்க வேண்டும். சைக்கிள் அந்தப் பக்கம் சாயும்போது கீழே இருந்தால் தரையில் இடித்துவிடும். அவள் பெடலை மேலே நிறுத்தி, சாய்ந்து, வளைவுக்குள் போய்க்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவள் கால் திடீரென்று தானாகக் கீழே இழுபட்டது. பெடல் ரோட்டில் கிர்ரென்று உரசி, பின் சக்கரம் ஒரு துள்ளுத் துள்ளி, சைக்கிள் தடுப்புக் கல்லைப் பார்த்து ஓடியது. எப்படி நிமிர்த்தினாள், எப்படி நிறுத்தினாள் என்று அவளுக்கே தெரியாது.

"என்னங்க பண்ணீங்க?"

மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. வலது காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பிரேக் பிடிச்சேன்" என்றார்.

காலமெல்லாம் அடுத்தவர் வண்டியில் உட்கார்ந்து, வளைவு வந்தால் வலது காலை அழுத்திப் பழகியவர் அவர். பஸ்ஸில் போனாலும் அழுத்துவார், வீட்டில் டிவியில் கார் வேகமாகப் போனாலும் அழுத்துவார். இல்லாத பிரேக்கை ஓங்கி மிதித்திருக்கிறார். மிதித்தது பெடல். சங்கிலி அவள் காலையும் சேர்த்துக் கீழே இழுத்துவிட்டது. உலகத்தில் வேறு எவனும் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியாது.

வேன் வந்து நின்றது. வேன்காரர் இறங்கி, கேட்காமலே பின் கதவைத் திறந்தார். "ஏத்திடலாம் மாஸ்டர்?"

"கொஞ்சம் இருங்க" என்றாள் மாஸ்டரம்மா. வேன்காரர் அவள் குரலைக் கேட்டுவிட்டு, வேறு வேலை இருப்பதுபோல டயரைப் பார்க்கப் போனார்.

அவள் தடுப்புக் கல்மேல் உட்கார்ந்தாள். கோபமும் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் அடக்கிக்கொண்டாள். "ஒண்ணு கேக்கறேன், பொய் சொல்லாம சொல்லுங்க. அப்ப கார் கத்துக் குடுத்தீங்களே. வண்டி நின்னப்பல்லாம் நிறுத்தினது நானா நீங்களா?"

மாஸ்டர் ஆற்றைப் பார்த்தார். "நான்தான்."

"எல்லாத் தடவையுமா?"

"எல்லாத் தடவையும். உன் கால் வர்றதுக்கு முன்னாடி என் கால் போயிடும்."

"அப்ப நான் ஒழுங்கா நிறுத்தியிருப்பேனா மாட்டேனான்னு உங்களுக்கும் தெரியாது."

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. இத்தனை வருஷமா தெரியாது."

மாஸ்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மத்தவங்கன்னா கொஞ்சம் விட்டுத்தான் பிடிப்பேன். இடிச்சாத்தானே கத்துக்குவாங்க. உன்னை இடிக்க விட என்னால முடியல. பயம். உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன், சொல்லு."

அவளுக்கு மனசு இளகியது. இளகினாலும் விடவில்லை. "உங்க பயத்துக்காக நான் காலம் பூரா பின்னாடியே உக்காந்து வரணுமாங்க?"

நல்லவேளை, அவர் "கிடங்கு, ரோடு" என்று ஆரம்பிக்கவில்லை.

"கிடங்குல நான் தூக்கிட்டுப் போற எந்தப் பெட்டியும் என்கிட்ட பேசினதில்ல, காலை ஆட்டினதில்ல" என்றாள். "பாலம் வரைக்கும் நீங்க ஒரு பெட்டி. முடியுமா? முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, வேன்ல ஏறிடறேன். வாய் திறக்க மாட்டேன்."

மாஸ்டர் எழுந்தார். நல்ல கையால் கால்சட்டைத் தூசியைத் தட்டினார். "பெட்டிக்கு மூச்சு விடலாமா?" என்று கேட்டார்.

"மெதுவா விடுங்க."

மறுபடி கிளம்பினார்கள். வேன்காரர் தலையில் அடித்துக்கொண்டே வண்டியில் ஏறினார். இந்தத் தடவை கொஞ்சம் இடைவெளி விட்டு வந்தார்.

அதற்குப் பிறகு அவள் பார்த்த இடுக்கை வார்த்தையில் சொல்லி மாளாது. எதிரே பாறை இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. பிளவின் அடியில் ஆறு கரும்பச்சையாக நெளிந்து, பாறையில் மோதுகிற இடத்தில் மட்டும் வெளுத்தது. எங்கேயோ மேலே ஒரு நூலளவு அருவி, தரைக்கு வந்து சேராமலே காற்றில் கரைந்தது. ரோடு அவளுக்கு முன்னால் விரிந்துகொண்டே போனது, நடுவில் எந்தச் சட்டையும் இல்லை. இரண்டு பிரேக்கையும் மாற்றி மாற்றித் தொட்டுத் தொட்டு விட்டாள். வலது வளைவு, இடது வளைவு, மறுபடி வலது. கண்ணில் தண்ணீர் வந்தது. காற்றால்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அது காற்றால் இல்லை, சந்தோஷத்தால் வந்தது.

பின்னால் பாவம் ஒன்றும் தெரியாமல் ஒருவர் வருகிறாரே என்று அவளுக்கே இரக்கம் வந்துவிட்டது. "என்னங்க, இடது பக்கம் பாருங்க, ஆத்துக்கு நடுவுல ஒரு பெரிய கல்லு, அதுமேல ஒரு மரம் நிக்குது" என்றாள்.

"ம்" என்றது பெட்டி.

"பேசலாம், பரவாயில்ல."

"நல்லா இருக்கு" என்றார் மாஸ்டர். கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னார் என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது. ஒவ்வொரு வலது வளைவிலும் அவர் கால் நடுங்குவது சங்கிலி வழியாக அவள் பெடலுக்கு வந்தது. இல்லாத பிரேக்கைத் தேடி அந்தக் கால் தவித்தது, ஆனால் அழுத்தவில்லை. மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த நடுக்கம் அவளுக்கு எரிச்சலாக இல்லை. இந்தப் பயத்தை இத்தனை வருடம் தனியாகச் சுமந்திருக்கிறாரே என்றுதான் தோன்றியது.

பாதிக்கு மேல் இறங்கியாகிவிட்டது. பாறை ரோட்டுக்கு மேலே கூரைபோல நீட்டிக்கொண்டிருந்த ஒரு வலது வளைவு. அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்கவே முடியாது. வளைவின் வாயிலேயே அவள் வேகத்தைக் குறைத்தாள். திரும்பினாள். ரோட்டுக்குக் குறுக்கே எருமை படுத்திருக்கிற மாதிரி ஒரு பாறை கிடந்தது. அப்போதுதான் விழுந்திருக்கிறது, தூசி இன்னும் அடங்கவில்லை.

கத்த நேரமில்லை, யோசிக்கவும் நேரமில்லை. ஹேண்டில்பாரை நேராக்கிச் சைக்கிளை நிமிர்த்தினாள். பின் பிரேக்கை முதலில் பிடித்தாள், முன் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினாள். சக்கரம் கிறீச்சிட்டது. ரப்பர் கருகும் வாசனை வந்தது. வலது பெடல் மேலே நின்றது. பின் பெடல்மேல் இருந்த அவர் கால் வெடவெடவென்று ஆடியது, சங்கிலி வழியாக அவளுக்குத் தெரிந்தது. இப்போது அவர் மிதித்தால் இரண்டு பேரும் ஆற்றில்தான். மிதிக்கவில்லை.

சைக்கிள் நின்றது. முன் சக்கரத்துக்கும் பாறைக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கலாம், அவ்வளவுதான் இடம்.

ஆறு இரைகிற சத்தம் மறுபடி காதுக்கு வந்தது. அவள் இரண்டு காலையும் ஊன்றி நின்றாள். கை பிரேக்கை விட மறுத்தது, ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. நிறுத்தியது அவள். அவள் கை, அவள் கண், அவள் புத்தி. இதில் பங்குக்கு ஆள் இல்லை, சந்தேகத்துக்கும் இடமில்லை. பெருமை என்றால் இப்படித்தான் இருக்குமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. நெஞ்சு கொள்ளாமல் நின்றாள்.

மாஸ்டர் இறங்கினார். இறங்கியவர் வந்த வழியே ஓடினார். பின்னால் வேன் வருகிறதே. வளைவுக்கு அந்தப் பக்கம் போய் நடு ரோட்டில் நின்று நல்ல கையைத் தூக்கிக் காட்டினார். வேன் பத்திரமாக நின்றது. வேன்காரர் அவரோடு நடந்து வந்து பாறையைப் பார்த்தார், சைக்கிள் நிற்கிற இடத்தைப் பார்த்தார், தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"நல்லவேளை மாஸ்டர், நீங்க கூட இருந்தீங்க. வேற யாராவதா இருந்தா..."

"நான் இருந்து என்னப்பா பண்ணேன்?" என்றார் மாஸ்டர். அவருக்கு இன்னும் மூச்சு வாங்கியது. "பின் சீட்டுல பிரேக்கே கிடையாது. நான் கண்ணை மூடிட்டு உக்காந்திருந்தேன். நிறுத்தினது இவ. நானா இருந்தா அந்த வளைவுல இன்னும் வேகமா வந்திருப்பேன். இப்ப நீ எங்களைப் பொறுக்கிக்கிட்டு இருந்திருப்பே."

ஆயிரம் பேருக்கு வண்டி சொல்லிக்கொடுத்து ஒருத்தரையும் வாய்விட்டுப் புகழாத மனுஷன். வேன்காரர் வாயைப் பிளந்துகொண்டு மாஸ்டரம்மாவைப் பார்த்தார், முதல் தடவையாகப் பார்க்கிறவர்போல.

பாறைக்கும் சுவருக்கும் நடுவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிற அளவுக்குத்தான் இடம் இருந்தது. வேன் போக வழியில்லை. வேன்காரர் போனை எடுத்து ரோடு ஆட்களுக்குத் தகவல் சொன்னார், பாலத்தில் இருந்த பல் டாக்டருக்கும் சொன்னார். பிறகு, "நான் அகலமான இடம் வரைக்கும் ரிவர்ஸ்லயே போய்த் திரும்பிக்கணும். மலையைச் சுத்திப் போனா பாலத்துக்கு வர சாயங்காலம் ஆயிடும். சைக்கிளை மேல போட்டுடலாம், ஏறுங்க ரெண்டு பேரும்" என்றார்.

மாஸ்டரம்மா வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ஒற்றை வார்த்தையில் முடிந்துவிடும், அவர் ஒத்துக்கொள்ளவும் செய்வார். ஆனால் அவளுக்கு அது வேண்டாம். அவராகச் சொல்லட்டும். வேன் என்று சொன்னால் வேனிலேயே போய்விடலாம், பிரேக் பிடித்த பெருமை ஒன்றே போதும் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தாள். மனசு சமாதானமாகவில்லை.

மாஸ்டர் பாறையைத் தாண்டிக் கீழே இறங்குகிற ரோட்டைப் பார்த்தார். வளைவுக்கு மேல் வளைவாகப் போய் மறைந்தது அது. வலது காலை ஒரு தடவை உதறிக்கொண்டார்.

"நீ சுத்திக்கிட்டு வா" என்றார். "நாங்க பாலத்துல இருக்கோம்."

"மாஸ்டர், சொன்னா கேளுங்க. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா ஏத்திக்க இனிமே உங்க பின்னாடி வேன் வராது."

"வராட்டிப் போகட்டும். முன்னாடி இவ இருக்கா."

மாஸ்டரம்மா சைக்கிளைப் பாறை ஓரமாகத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். காலை அகட்டி ஊன்றி, இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், "ஏறுங்க" என்றாள்.